ஈரான் ஆடு, நியூ மெக்சிகோ மலை: சுடுவதற்கென்றே குடியேற்றப்பட்ட விலங்குகளின் கதை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பாலைவனத்தில், டெமிங் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் லாஸ் க்ரூசஸிலிருந்து மேற்கே போனால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஊருக்குத் தென்கிழக்கே, தட்டையான தரையிலிருந்து எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு மலைத்தொடர் எழுந்து நிற்கும். பல் உடைந்த சீப்பு மாதிரி முகடுகள், செங்குத்தாக இறங்கும் பாறைகள், நடுநடுவே சரளைச் சரிவுகள். இதன் பெயர் ஃப்ளோரிடா மலை. அதே பெயருள்ள கடலோர மாநிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த மலையில் ஈரான் நாட்டுக் காட்டாடுகள் மேய்கின்றன. யாருடைய பண்ணையிலிருந்தோ தப்பி வந்து பெருகியவை என்று நினைத்துவிட வேண்டாம். 1970-இல் மாநில அரசே கொண்டுவந்து விட்டது. எதற்கு? வேட்டையாடுவதற்கு.

தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு இதில் இரண்டு விஷயங்கள் தலையைச் சுற்ற வைக்கும். ஒன்று, அரசாங்கமே வேட்டையை நடத்துவது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வேட்டை என்ற சொல்லே நமக்குக் கோர்ட்டு, ஜாமீன் செய்திகளோடுதான் காதில் விழுகிறது. இரண்டு, சுடுவதற்காகவே வேறொரு கண்டத்து விலங்கைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து மலையில் குடியேற்றுவது. இரண்டாவதைப் புரிந்துகொண்டால் முதலாவது தானாகவே விளங்கிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அயல் விலங்கு என்றால் என்ன?

ஒரு நிலத்தில் மனிதர் தலையீடு இல்லாமல் தானாக வந்து வாழ்ந்த விலங்கு, அந்த மண்ணின் விலங்கு. மனிதர் கொண்டுவந்து விட்டது அயல் விலங்கு. அப்படி வந்தது கட்டுக்கு அடங்காமல் பரவி, ஏற்கெனவே இருந்தவற்றின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொண்டால் அதை ஊடுருவும் இனம் என்பார்கள். அயல் இனங்கள் எல்லாமே ஊடுருவும் இனங்கள் ஆகிவிடுவதில்லை. ஆனால் எது எப்போது அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

நமக்கு இதைப் புரியவைக்கச் சீமைக்கருவேலம் ஒன்றே போதும். விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று கொண்டுவந்த மரம், கண்மாய்க்குள்ளும் தரிசிலும் புகுந்து, அதை வெட்ட நீதிமன்றமே உத்தரவு போடும் நிலைக்கு வந்தது. அது வந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்து. ஃப்ளோரிடா மலையின் அடிவாரத்தில் நிற்கும் மெஸ்கீட் மரம் அதற்கு நெருங்கிய உறவு, அங்கே அது மண்ணின் மரம். நாம் சப்பாத்திக்கள்ளி என்று சொல்லும் கள்ளி வகையும் அங்கே சொந்த மண்ணில்தான் நிற்கிறது. ஆக, 'அயல்' என்பது உயிரினத்தின் குணத்தைச் சொல்வதில்லை, அது நிற்கும் இடத்தைச் சொல்கிறது.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. கோடியக்கரையிலும் கிண்டியிலும் நாம் பார்க்கும் வெளிமானும் புள்ளிமானும் 1930-களிலேயே டெக்சாஸ் மாநிலத்தில் இறக்கப்பட்டுவிட்டன. இன்று அங்கே பண்ணைகளில் காசு கட்டி அவற்றைச் சுடலாம். கோடியக்கரையில் சுட்டால் சிறைக்குப் போக வேண்டியதுதான்.

யாருக்கு வந்த யோசனை?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பெருகினார்கள். கையில் காசு, வீட்டில் கார், வார இறுதியில் விடுமுறை. ஆனால் நியூ மெக்சிகோவின் தென்பகுதியில் சுட்டெரிக்கும் பாலைவனமும் மொட்டை மலைகளுமே அதிகம். அங்கிருந்த பெரிய விலங்குகளில் பலவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சுட்டுத் தீர்த்திருந்தார்கள். கால்நடைகள் மேய்ந்து புல்வெளியும் கெட்டிருந்தது. அப்போது மாநில வேட்டைத்துறையில் எழுந்த யோசனை இது: இந்த இடங்கள் 'காலியாக' இருக்கின்றன. இதே போன்ற வறண்ட நிலத்தில் உலகின் வேறு மூலைகளில் எந்த விலங்கு வாழ்கிறதோ, அதைக் கொண்டுவந்து நிரப்பினால் என்ன?

இதை முன்னின்று செய்தவர் ஃப்ராங்க் ஹிப்பன். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பேராசிரியர். உலகம் சுற்றி வேட்டையாடிய ஆர்வலர். மாநில வேட்டை ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆடு 1950-இலேயே மாநிலத்தின் வடகிழக்கில் கனேடியன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விடப்பட்டிருந்தது. பிறகு தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கலஹாரிப் பாலைவனத்திலிருந்து ஓரிக்ஸ் என்னும் நீண்ட கொம்புள்ள பெரிய மான் வகை வந்தது. கடைசியில் ஈரானின் ஐபெக்ஸ் காட்டாடு.

இந்த இறக்குமதியில் ஒரு சிக்கல் இருந்தது. கோமாரி நோய் உள்ள நாடுகளிலிருந்து வரும் குளம்புள்ள விலங்குகளை அமெரிக்க மண்ணில் அவிழ்த்துவிடச் சட்டம் இடம் தராது. அவை ஆயுள் முழுக்க அடைப்பிலேயே இருக்க வேண்டும். ஆனால் அடைப்பில் அவை ஈனும் குட்டிகளுக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஓரிக்ஸ் தாய்தந்தையர் ஆல்புகெர்க்கி விலங்குக்காட்சிச் சாலையிலேயே காலம் கழித்தன, அங்கே பிறந்தவை பாலைவனத்துக்குப் போயின. சட்டத்தின் பார்வையில் அவை அமெரிக்காவில் பிறந்தவை. குடியுரிமை விஷயத்தில் அங்கே உள்ள நம்மவர்களின் பிள்ளைகளுக்கும் இதுதான் நிலைமை என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஓரிக்ஸ் மலை விலங்கில்லை, சமவெளி விலங்கு. இருந்தாலும் அதன் கதையை விட்டுவிட முடியாது, ஏனென்றால் இந்தத் திட்டத்தின் பலமும் பலவீனமும் அதில்தான் பச்சையாகத் தெரிகின்றன. 1969 முதல் 1977 வரை தொண்ணூற்றுச் சொச்சம் ஓரிக்ஸ்களை ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளத்தில் விட்டார்கள். 1945 ஜூலை 16-ஆம் தேதி உலகின் முதல் அணுகுண்டு வெடித்த இடம் இதே தளத்துக்குள் இருக்கிறது. ராணுவ நிலம், ஆள் நடமாட்டம் குறைவு, வெயிலும் கலஹாரி வெயில் போலவே. கலஹாரியில் இருந்து இங்கே வராத ஒன்று சிங்கம். மலைச்சிங்கம் எனப்படும் பூமா இங்கே உண்டு, ஆனால் முழு வளர்ச்சியடைந்த ஓரிக்ஸின் வாள் போன்ற கொம்புகளோடு மோத அது அவ்வளவாக விரும்புவதில்லை. கன்று கிடைத்தால் தூக்கும். ஓரிக்ஸோ ஆண்டு முழுக்க ஈனும். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது. பக்கத்திலிருக்கும் வெள்ளை மணல்மேட்டுத் தேசியப் பூங்கா, தன் எல்லையைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே இருந்தவற்றை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று.

ஈரான் ஆட்டுக்கு இந்த மலை ஏன் பிடித்தது?

ஐபெக்ஸ் என்று இங்கே சொல்லப்படுவது பெசோவார் காட்டாடு. நம் வீட்டு வெள்ளாட்டின் மூதாதை இதுதான். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஈரானின் ஜாக்ரோஸ் மலைப் பகுதியில் மனிதர் பழக்கியெடுத்த ஆடு இந்தக் காட்டாட்டின் வழிவந்தது. கிடாவுக்கு அரிவாள் போலப் பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்பு. முன்விளிம்பு கத்தி போல எழும்பி நிற்கும். கறுத்த தாடி, தோளில் கறுப்புப் பட்டை. பெட்டைக்குக் கொம்பு சிறியது, உடலும் சிறியது. ஓர் ஈற்றில் இரண்டு குட்டி போடுவது சாதாரணம்.

ஜாக்ரோஸ் சரிவுக்கும் ஃப்ளோரிடா மலைக்கும் ஒற்றுமை அதிகம். இங்கே ஆண்டு மழை கால் மீட்டர் அளவுதான். உச்சி 2,270 மீட்டர் உயரம், அடிவாரத்துப் பாலைவனம் ஏறக்குறைய 1,300 மீட்டரில். அதாவது ஆயிரம் மீட்டர் உயரத்தைச் சில கிலோமீட்டர் அகலத்துக்குள் அடுக்கி வைத்திருக்கிறது இந்த மலை. ஆட்டுக்கு வேண்டியது இந்தச் செங்குத்துதான். அதன் குளம்பில் வெளிவிளிம்பு கெட்டி, உள்பகுதி ரப்பர் போல மெத்து. இரண்டு விரல்களும் தனித்தனியே விரிந்து பாறையின் சிறு முண்டையும் பிடித்துக்கொள்ளும். நாய் இனமோ பூனை இனமோ துரத்தினால் அது ஓடுவதில்லை, ஏறுகிறது. எதிரி வரமுடியாத பாறைத் திட்டில் போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கும். சங்கப் பாடல்கள் வருடை என்று சொல்லும் நம் வரையாட்டுக்கும் இதே உத்திதான். ஆனைமலையிலும் முக்கூர்த்தியிலும் அது நிற்கும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தீனியில் கறார் கிடையாது. புல், புதர், முள்செடி, ஜூனிப்பர் தழை, எதுவானாலும் சரி. தண்ணீர் குறைந்தாலும் தழையின் ஈரத்தில் சமாளிக்கும். 1970-இல் விட்டார்கள், 1974-இல் முதல் வேட்டைக்கு உரிமம் கொடுத்தார்கள். நாலே ஆண்டு.

ஒரே ஆடு, இரண்டு சட்டம்

புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இது. அமெரிக்காவில் காட்டுவிலங்கு நிலக்காரருக்குச் சொந்தமில்லை. அது மக்கள் எல்லாருக்கும் சொந்தம், மாநில அரசு அறங்காவலர் போல அதைப் பார்த்துக்கொள்கிறது. உங்கள் தோட்டத்தில் மான் நின்றாலும் மாநில உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. ஆனால் இந்தக் கொள்கை மண்ணின் விலங்குகளை மனத்தில் வைத்து உருவானது. அயல் விலங்கை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தது.

நியூ மெக்சிகோ தான் கொண்டுவந்தவற்றை வேட்டை விலங்குப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஐபெக்ஸ், ஓரிக்ஸ், பார்பரி ஆடு மூன்றுக்கும் உரிமம், காலம், எண்ணிக்கை என எல்லாம் உண்டு. எல்லைக்கோட்டைத் தாண்டி டெக்சாஸுக்குள் போனால் அதே பார்பரி ஆட்டுக்குப் பருவமும் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. நிலக்காரர் அனுமதித்தால் எந்த நாளும் சுடலாம், எத்தனையும் சுடலாம். டெக்சாஸில் நிலம் பெரும்பாலும் தனியார் கையில் என்பதால் இது பெரிய வியாபாரமாகிவிட்டது. மேற்கு டெக்சாஸின் மலைப் பண்ணைகள் சில, மாட்டைவிட இந்த ஆட்டில் நல்ல காசு பார்க்கின்றன.

ஆட்டுக்கு இந்தக் கோடு தெரியாது. ஆனால் அதன் எண்ணிக்கை, வயது, அது எங்கே பரவலாம் என்பதெல்லாம் இந்தக் கோட்டைப் பொறுத்தே மாறுகிறது.

குலுக்கல்

ஃப்ளோரிடா மலையில் ஆட்டைவிட ஆசைப்படுகிறவர்கள் அதிகம். அதனால் உரிமம் குலுக்கலில் போகிறது. மார்ச் மாதம் விண்ணப்பிக்க வேண்டும், ஏப்ரல் கடைசியில் முடிவு தெரியும். பணத்தை முன்கூட்டியே முழுதாகக் கட்டிவிட வேண்டும், விழவில்லை என்றால் திருப்பித் தருவார்கள். வேறு பல மாநிலங்களில் ஆண்டுதோறும் விண்ணப்பித்துத் தோற்றவருக்குப் புள்ளிகள் சேரும், புள்ளி கூடக்கூட வாய்ப்பும் கூடும். நியூ மெக்சிகோவில் அந்த ஏற்பாடு இல்லை. இருபது ஆண்டுகளாக முயல்பவரும் முதல்முறை முயல்பவரும் அங்கே ஒன்றுதான். எனக்கு இது நியாயமாகவே படுகிறது, காத்திருந்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உரிமங்களில் 84 விழுக்காடு மாநிலவாசிகளுக்கு. 10 விழுக்காடு, பதிவுபெற்ற வேட்டை வழிகாட்டியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வருகிறவர்களுக்கு. மிச்சம் 6 விழுக்காடுதான் வழிகாட்டி இல்லாமல் வரும் வெளிமாநிலத்தவருக்கு. வெளிமாநிலத்தவர் கட்ட வேண்டிய கட்டணமும் ஆயிரம் டாலரைத் தாண்டும்.

உரிமத்தில் வகைகள் உண்டு. வில், குழல்வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கி, நவீன ரைஃபிள் என்று ஆயுதம் வாரியாகத் தனித்தனிக் காலம். பெரிய கிடாவை ரைஃபிளால் சுடும் உரிமம் ஆயுளில் ஒருமுறைதான் கிடைக்கும். கிடைத்தபின் சுட்டாலும் சுடாவிட்டாலும் மறுபடி கேட்க முடியாது. பெட்டையையும் இளசையும் மட்டும் சுடும் உரிமம் வேறு. மந்தையின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது உண்மையில் இந்தக் கடைசி வகைதான். பத்துக் கிடாவைச் சுட்டாலும் அடுத்த ஆண்டு பிறக்கும் குட்டிகள் குறையாது, பெட்டையைச் சுட்டால்தான் குறையும். ஆனால் சுவரில் மாட்ட எல்லாருக்கும் கிடாக்கொம்புதான் வேண்டும். துறைக்கும் வேட்டைக்காரருக்கும் இடையே ஓயாத இழுபறி இதில்தான்.

அங்கே வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு.

உரிமப் பணம் மாநில வனவிலங்குத் துறைக்குப் போகிறது. அதோடு, 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 10, 11 விழுக்காடு வரியும் கூட்டாட்சி வழியாக மாநிலங்களுக்குத் திரும்பி வருகிறது. துப்பாக்கி வாங்குகிறவர்தான் அந்த நாட்டில் வனவிலங்குத் துறைக்குப் படியளப்பவர். துறையின் முடிவுகளில் வேட்டைக்காரர் குரல் ஏன் அவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

மலையில் நடப்பது

படங்களில் பார்த்து, வேட்டை என்றால் புதரில் பதுங்கிச் சுடுவது என்று நினைப்போம். பாலைவன மலையில் நாளின் பெரும்பகுதி உட்கார்ந்து பார்ப்பதில் போகிறது. அடிவாரத்தில் முக்காலியில் பைனாகுலரைப் பொருத்திக்கொண்டு, எதிர்ச் சரிவை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை கட்டம் கட்டமாகத் துழாவுவார்கள். காலை முதல் வெயிலும் மாலைக் கடைசி வெயிலும் நல்ல நேரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் பாறையிலிருந்து உடல் பிரிந்து தெரியும். உச்சி வெயிலில் ஆடும் பாறையும் ஒரே நிறம். முழு ஆட்டைத் தேடினால் கிடைக்காது. வயிற்றின் வெண்மை, கொம்பின் வளைவு, அசையும் காது, இப்படித் துண்டு துண்டாகத்தான் கண்ணில் படும்.

பார்த்துவிட்டால் பாதி வேலைகூட முடியவில்லை. ஆடு உங்களைப் பார்க்காமல் அதை நெருங்க வேண்டும். அதன் கண் அசாத்தியம். ஆபத்து கீழிருந்து வரும் என்று பழகியதால் கீழேயே நோட்டமிட்டபடி இருக்கும். ஆகையால் முடிந்தவர்கள் மறுபக்கமாக ஏறி, மேலிருந்து இறங்கி வருவார்கள்.

அடுத்தது காற்று. மலைக்காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு இருக்கிறது. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் ஏறிப் பாறை சுட்டதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். விடியலில் கீழே நிற்பவரின் வாடை ஆட்டுக்குப் போகாது. ஒன்பது, பத்து மணிக்கு மேல் அதே இடத்தில் நின்றால் அவரது வியர்வை வாசனை நேராக மந்தைக்குப் போய்ச் சேரும். ஒரு சிட்டிகைப் பொடியை ஊதிவிட்டுக் காற்றின் திசையைப் பார்ப்பதைக்கூட அனுபவசாலிகள் விடமாட்டார்கள். பள்ளங்கள் குறுக்கே வெட்டும் இடத்தில் காற்று சுழலும், அங்கே எந்த ஒழுங்கும் செல்லாது.

சுடுவதிலும் ஒரு கணக்கு உண்டு, பள்ளிக்கூடத்துக் கோணவியல். தோட்டாவைப் புவியீர்ப்பு எவ்வளவு கீழே இழுக்கும் என்பது சாய்வுத் தூரத்தைப் பொறுத்ததில்லை, கிடைமட்டத் தூரத்தைப் பொறுத்தது. நாற்பத்தைந்து பாகைச் சரிவில், சாய்வுத் தூரமாக 300 மீட்டர் மேலே ஓர் ஆடு நிற்கிறது என்றால், கிடைமட்டமாக அது 212 மீட்டர்தான். முந்நூறு என்று நினைத்துக் குறியை உயர்த்தினால் குண்டு முதுகுக்கு மேலே பறந்துவிடும். மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் இதே தவறுதான் நடக்கும். இப்போதைய தூரமானிகள் கோணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்லிவிடுகின்றன.

இவ்வளவும் கூடிவந்தாலும் விசையை அழுத்துமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி: அது விழுந்தால் நான் அங்கே போக முடியுமா? சுடப்பட்ட ஆடு இரண்டடி எடுத்து வைத்து விளிம்பைத் தாண்டினால் அறுபது மீட்டர் பள்ளம். கொம்பு சிதறும், இறைச்சி கூழாகும். அல்லது மனிதர் கால் வைக்க முடியாத திட்டில் போய்ச் சிக்கும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவது நியூ மெக்சிகோ சட்டப்படி குற்றம். ஆகவே நல்ல குறி கிடைத்தும், ஆடு நிற்கும் இடம் சரியில்லை என்று துப்பாக்கியைத் தாழ்த்துகிறவரைத்தான் அங்குள்ளவர்கள் தேர்ந்த வேட்டைக்காரராக மதிக்கிறார்கள். வில்லோடு போகிறவர்கள் ஐம்பது மீட்டருக்குள் நெருங்கியாக வேண்டும். பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் இறங்குவார்கள்.

ஆடு கிடைத்தால் உரிமச் சீட்டை உடலில் கட்டி, அங்கேயே தோலுரித்து, எலும்பிலிருந்து இறைச்சியைக் கழித்து, முதுகுப்பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். வண்டி ஏறும் மலையில்லை. ஏறும்போது மூச்சுத்தான் முட்டும், சுமையோடு இறங்கும்போதுதான் முட்டி கழலும். காலடியில் உருளும் சரளை, பிடிக்கப்போகும் இடத்திலெல்லாம் கள்ளியும் ஒகோட்டியோ முள்ளும், வெயில் காலமென்றால் கிலுகிலுப்பைப் பாம்பும். குடிநீர் வழியில் எங்கும் கிடைக்காது, முழுவதையும் சுமந்தே போக வேண்டும். இறைச்சியைப் பற்றிக் கேட்டால் ஓரிக்ஸுக்கு எல்லாரும் முதலிடம் தருவார்கள். இளம் ஐபெக்ஸ் வெள்ளாட்டுக் கறி போலவே இருக்கும் என்பதில் வியப்பில்லை. கிழக்கிடாவைப் பற்றிப் பேச்சே வேண்டாம், குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் வாடை போகாது.

வேட்டைக்குப் போய் வந்தபின், சுட்டாலும் சுடாவிட்டாலும், துறைக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவரின் அடுத்த ஆண்டு விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். இந்த அறிக்கைகளையும் ஹெலிகாப்டரில் பறந்து எடுக்கும் கணக்கையும் சேர்த்து வைத்துத்தான் அடுத்த ஆண்டு எத்தனை உரிமம் என்று முடிவு செய்கிறார்கள்.

யாருக்கு நட்டம்?

1950-களில் 'காலி' என்று நினைத்த மலைகள் உண்மையில் காலியாக இல்லை. அவற்றின் பழைய குடியிருப்புவாசி பாலைவனப் பெருங்கொம்புச் செம்மறி. வேட்டையும், வீட்டுச் செம்மறிகளிடமிருந்து தொற்றிய நோயும் அதை ஒழித்துக்கட்டின. டெக்சாஸில் 1960-களின் தொடக்கத்துக்குள் அது முற்றாக அற்றுப்போனது. நியூ மெக்சிகோ 1980-இல் அதை அழியும் இனமாக அறிவித்தபோது காட்டில் இருந்தவை எழுபதுக்கும் குறைவு. ரெட் ராக் என்ற இடத்தில் அடைப்பில் வளர்த்து, மலைமலையாகக் கொண்டுபோய் விட்டு, 2011-இல்தான் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். டெக்சாஸும் வேறு மாநிலங்களிலிருந்து வாங்கிவந்து மறுபடி குடியேற்றியது.

இந்தச் செம்மறிக்கு இன்று பெரிய தலைவலி பார்பரி ஆடு. இரண்டுக்கும் வேண்டியது ஒரே பாறை, ஒரே தழை, ஒரே நீர்க்குட்டை. பார்பரி ஆடு வேகமாகப் பெருகும், கூட்டமாக வரும், மோசமான தீனியிலும் கொழுக்கும். நிமோனியாவை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமியைப் பெரிய பாதிப்பில்லாமல் சுமக்கவும் செய்யும். செம்மறிக்கு அது தொற்றினால் மந்தையே சரியும். மேற்கு டெக்சாஸ் மலைகளில் சில ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் செம்மறிகள் செத்தன. அரசு வனவிலங்கு நிலங்களில் பார்பரி ஆடுகளை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் குறைக்கும் வேலையும் நடந்தது. வேட்டைக்குக் கொண்டுவந்த விலங்கை வேட்டைக்காரரால் குறைக்க முடியாமல் போனதன் அடையாளம் அது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பார்பரி ஆடு தன் தாய்நிலமான சஹாரா மலைகளில் அருகிவருகிறது. பெசோவார் காட்டாடும் ஈரானைச் சுற்றிய நாடுகளில் பல இடங்களில் குறைந்துவிட்டது. அங்கே இல்லாத பாதுகாப்பு இங்கே அதற்குக் கிடைக்கிறது, சுடுவதற்காகவே என்றாலும். டெக்சாஸ் பண்ணைகள் இதைத்தான் தங்கள் தரப்பு வாதமாக வைக்கும். அவர்கள் பக்கம் ஓரளவு உண்மையும் உண்டு: 2000-இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட வாட்கொம்பு ஓரிக்ஸ் (ஒயிட் சாண்ட்ஸில் விட்டது வேறு வகை) அந்தப் பண்ணைகளிலும் விலங்குக்காட்சிச் சாலைகளிலும் பிழைத்திருந்தது, 2016 முதல் சாட் நாட்டில் மீண்டும் காட்டில் விடப்பட்டு வருகிறது. ஆனால் ஃப்ளோரிடா மலையின் ஆடுகள் ஈரானுக்குத் திரும்பப் போவதாக யாரும் திட்டம் போடவில்லை. அவற்றைக் காப்பு இனம் என்று சொல்வது கொஞ்சம் மிகை.

என் கணிப்பில், இந்த மூன்றில் ஐபெக்ஸ் மட்டும்தான் போட்ட கணக்குக்கு ஓரளவு உட்பட்டு நடந்தது. அதற்குக் காரணம் திட்டத்தின் சாமர்த்தியத்தைவிட நிலத்தின் அமைப்பு. ஃப்ளோரிடா மலை நாற்புறமும் தட்டைப் பாலைவனத்தால் சூழப்பட்ட தீவு. செங்குத்துப் பாறையை விட்டு வெட்டவெளியில் நடக்க இந்த ஆட்டுக்குப் பிடிக்காது. பார்பரி ஆட்டுக்கு அந்தத் தயக்கம் குறைவு, ஓரிக்ஸுக்கு வெட்டவெளிதான் வீடு. அதனால் அவை இரண்டும் விட்ட இடத்தில் நிற்கவில்லை.

ஐபெக்ஸும் முழுக்க நிற்கிறது என்று சொல்லிவிட முடியாது. மந்தை நெருக்கமானால் சில இளங்கிடாக்கள் இரவில் பாலைவனத்தைக் கடந்து பக்கத்து மலைகளுக்குப் போய்விடுகின்றன. அங்கே வீட்டு வெள்ளாடு மேய்ந்தால் அதோடு இனம் கலக்கவும் வாய்ப்பு உண்டு, இரண்டும் ஒரே வம்சம்தானே. இதைத் தடுக்கத் துறை வைத்திருக்கும் வழி எளிமையானது. ஃப்ளோரிடா மலைக்குள் சுடத்தான் குலுக்கல். அந்த எல்லைக்கு வெளியே ஐபெக்ஸைச் சுடும் உரிமத்துக்குக் குலுக்கலும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை, கேட்பவருக்கெல்லாம் விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மலையை விட்டு வெளியேறிய அந்த ஒன்றிரண்டு ஆடுகளை அத்தனை பெரிய பாலைவனத்தில் தேடிப்பிடிப்பது அவரவர் பாடு.